கல்லுக்குத் தெரியும் தன் பிறந்த ஊர்

1958-ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் தெற்கே, சால்ஸ்பரி சமவெளியில், ஒரு பெரிய கல்லைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். 1797-இல் சரிந்து விழுந்த கல் அது. நூற்றறுபது ஆண்டுகள் புல்வெளியில் கிடந்ததை நிமிர்த்தப் போனால், உடம்பில் விரிசல். விரிசல் பெருகாமல் இருக்க உலோகக் கம்பிகளைச் செலுத்தி இறுக்குவதென்று முடிவாயிற்று. அதற்காக வைரமுனைத் துளைப்பானால் மூன்று துளைகள் போட்டார்கள். துளைத்த இடங்களிலிருந்து வழவழப்பான கல்தண்டுகள் வெளியே வந்தன. அந்த வேலையில் இருந்த ராபர்ட் பிலிப்ஸ் ஒரு தண்டை நினைவுப்பொருளாக எடுத்து வைத்துக்கொண்டார். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். பிற்காலத்தில் அவர் அமெரிக்காவில் குடியேறியபோது கல்லும் அவரோடு கடல் கடந்தது. 2018-இல், 90 வயதை எட்டும் நேரத்தில், அதை இங்கிலாந்துக்கே திருப்பிக் கொடுத்தார்.

எடுத்தவருக்கே தெரியாது, தன்னிடம் இருந்தது ஒரு பிறப்புச் சான்றிதழ் என்று. நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக அறிஞர்கள் கேட்டுவந்த கேள்வி ஒன்றுக்கு அந்தத் தண்டு விடை சொன்னது: ஸ்டோன்ஹெஞ்சின் பெருங்கற்கள் எந்த ஊரிலிருந்து வந்தன?

ஸ்டோன்ஹெஞ்ச் என்றதும் படங்களில் பார்த்த அந்தக் கல்வாயில்கள் நினைவுக்கு வரும். இரண்டு கற்கள் நிற்க, மேலே ஒரு கல் படுத்திருக்கும். சுமார் கி.மு. 2500-இல் எழுந்த அமைப்பு இது. மொகஞ்சதாரோவின் தெருக்களில் மக்கள் நடமாடிய காலம். எகிப்தில் பெரிய பிரமிடு எழுந்த காலத்தை ஒட்டியது. திட்டத்தின்படி வெளிவட்டத்தில் 30 நிலைக்கற்கள், அவற்றின் தலைமேல் மாலைபோல் வளைந்து ஓடும் 30 விட்டக்கற்கள். வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய 33 மீட்டர். அதற்குள்ளே குதிரை லாட வடிவில் ஐந்து முக்கல் வாயில்கள்: ஒவ்வொன்றிலும் இரு நிலைக்கற்கள், ஒரு விட்டக்கல். இவை வெளிவட்டத்தையும் மிஞ்சும் உயரம்.

இந்தப் பெருங்கற்களுக்குச் சார்சன் என்று பெயர். வெளிவட்டத்து நிலைக்கல் ஒன்றின் எடை சுமார் 25 டன். நன்றாக வளர்ந்த ஐந்து ஆண் யானைகளின் எடை. இதை இழுத்தவர்களிடம் சக்கரம் இல்லை. இரும்பு இல்லை. பிரிட்டனுக்குள் செம்பு அப்போதுதான் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. மான்கொம்பு, மரம், கயிறு, கல் ஆகியவைதாம் அவர்களுடைய மொத்தக் கருவிப்பெட்டி.

முதலில் முகவரியைப் பார்ப்போம். சார்சன் என்பது மணல், மண்ணுக்கடியில் ஓடிய நீரிலிருந்த சிலிக்காவால் இறுகிப் பாறையானது. 99 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்காதான். எல்லாச் சார்சனும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். எஞ்சிய ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியில்தான் வேறுபாடு ஒளிந்திருக்கிறது. கல் உருவான இடத்தின் மண்ணுக்கும் நீருக்கும் ஏற்ப, மிகச் சிறு அளவில் சில தனிமங்கள் அதில் கலந்துவிடும். அவற்றைத் தடயத் தனிமங்கள் என்கிறார்கள். இந்தக் கலவை ஊருக்கு ஊர் மாறும்.

பிரைட்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் நாஷ் குழு, ஸ்டோன்ஹெஞ்சில் இன்று எஞ்சியிருக்கும் 52 சார்சன் கற்களையும் ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் சோதித்தது. கையில் பிடிக்கும் கருவி ஒன்று எக்ஸ் கதிரைக் கல்மீது பாய்ச்சும். கல்லில் உள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் பதில் கதிரை உமிழும். அந்தப் பதில்களைப் படித்துப் பட்டியல் போட்டார்கள். 52-இல் 50 கற்கள் ஒரே குடும்பம் என்று தெரிந்தது. குடும்பம் தெரிந்தாலும் ஊர் தெரியவில்லை. அதற்குக் கல்லைப் பொடியாக்கி நுணுக்கமாக ஆராய வேண்டும். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தில் அதற்கு யார் இடம் கொடுப்பார்கள்? அந்த நேரத்தில்தான், ஐம்பதில் ஒன்றிலிருந்து வந்த பிலிப்ஸின் தண்டு வந்து சேர்ந்தது. அதிலிருந்து எடுத்த சிறு துண்டுகளில் 21 தடயத் தனிமங்களை அளந்தார்கள். டெவன் முதல் நார்ஃபோக் வரை 20 இடங்களின் சார்சன் கற்களோடு ஒப்பிட்டார்கள். ஒரே ஓர் இடம்தான் பொருந்தியது: வடக்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வெஸ்ட் வுட்ஸ் என்ற காடு. 2020-இல் முடிவு வெளியானது. ஐம்பது கற்கள் ஒரே குடும்பம் என்பதால், ஒரு கல்லின் ஊர் தெரிந்ததும் மற்ற 49-க்கும் ஊர் தெரிந்துவிட்டது.

25 கிலோமீட்டர் என்றதும் குறைவாகத் தோன்றலாம். வழியில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அதைத் தாண்டிச் சமவெளியின் விளிம்பில் ஏற வேண்டும். 2016-இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். ஒரு டன் கல்லை மரச்சட்டத்தில் கட்டி, தரையில் தண்டவாளம்போல் கிடத்திய மரங்கள்மேல் இழுத்தார்கள். பத்துப் பேர் போதுமானதாக இருந்தது. மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் கல் நகர்ந்தது. நேர்க்கணக்குப் போட்டால் 25 டன் கல்லுக்கு 250 பேர்; ஏற்றத்தில் இன்னும் பலர். அவர்களுக்கு முன்னால் மரம் கிடத்துகிறவர்கள் வேண்டும், பின்னால் மரத்தை எடுத்து முன்னுக்குக் கொண்டுபோகிறவர்கள் வேண்டும். கயிறு திரிக்கிறவர்கள், சோறு போடுகிறவர்கள் கணக்கு தனி. எண்பது கற்கள் வரை இப்படி வந்திருக்க வேண்டும். கற்காலத்தில் பொறியியல் இருந்ததா என்று கேட்கிறவர்கள் முதலில் இந்த ஆள்நிர்வாகத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கல் வந்து சேர்ந்ததும் இன்னொரு வேலை தொடங்குகிறது. சிலிக்காவின் படிக வடிவமான குவார்ட்ஸ் எஃகையே கீறும் கடினம் கொண்டது. அதுதான் சார்சன் முழுவதும். உளி வைத்து இதைச் செதுக்க அன்று வழியில்லை. அவர்கள் சார்சனைச் சார்சனாலேயே அடித்தார்கள். கைக்குள் அடங்கும் உருண்டை முதல் கால்பந்தைவிடப் பெரிய உருண்டை வரை, பல அளவுகளில் அடிகற்கள் அங்கே தோண்டியெடுக்கப்பட்டுள்ளன. பெரிய உருண்டையால் முரட்டு மேடுகளை உடைப்பது, சிறியதால் மேற்பரப்பைப் பொடிப்பொடியாக உதிர்த்துச் சமன்செய்வது என்று வேலை நடந்திருக்கிறது. ஓர் அடிக்கு ஒரு சிட்டிகைத் தூள் உதிரும்.

2011-இல் லேசர் கதிரால் ஒவ்வொரு கல்லின் மேற்பரப்பையும் மில்லிமீட்டர் நுட்பத்தில் அளந்தபோது, இந்த உழைப்பின் வரைபடமே கிடைத்தது. அவர்கள் எல்லாப் பக்கத்தையும் ஒரே அக்கறையோடு செதுக்கவில்லை. வடகிழக்கிலிருந்து நடந்து வருகிறவர் கண்ணில் படும் முகங்கள் மிகவும் சீராக இழைக்கப்பட்டிருக்கின்றன. பின்பக்கங்கள் அந்த அளவுக்கு இல்லை. வட்டத்துக்கு ஒரு முகப்பு இருந்திருக்கிறது. எந்தத் திசையிலிருந்து விருந்தினர் வருவார் என்று கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தத் திசை ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது அண்ணாந்து பார்க்க வேண்டிய இடம். நிலைக்கல்லின் உச்சியில் குமிழ்போல் ஒரு முளை. விட்டக்கல்லின் அடியில் அதே அளவுக்கு ஒரு குழி. முளை குழிக்குள் உட்கார்ந்ததும் விட்டக்கல் பக்கவாட்டில் நழுவாது. அதோடு விடவில்லை. ஒரு விட்டக்கல்லின் முனையில் நாக்குபோல் ஒரு நீட்டல், அடுத்ததன் முனையில் அந்த நாக்கு நுழையும் பள்ளம். இப்படி முப்பது கற்களும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். கதவு நிலையையும் பலகைச் சுவரையும் பூட்டத் தச்சர் செய்யும் அதே இணைப்புகள் இவை. கல்லுக்கு இந்த இணைப்பு கட்டாயம் தேவை என்று சொல்ல முடியாது. எடையே அதைப் பிடித்து வைத்திருக்கும். மரத்தில் கட்டிப் பழகிய கைகள் தமக்குத் தெரிந்த இலக்கணத்தைக் கல்லிலும் கைவிடவில்லை. மர வேலையில் அரைநாளில் முடியும் ஒரு முளைக்காக, கல்லில் அதைச் சுற்றியுள்ள பரப்பு முழுவதையும் அடித்து உதிர்த்துத் தாழ்த்த வேண்டும். அதையும் செய்திருக்கிறார்கள்.

விட்டக்கற்கள் நேரான செவ்வகங்களும் அல்ல. ஒவ்வொன்றும் உள்ளேயும் வெளியேயும் மெல்ல வளைந்திருக்கும். சேர்த்து வைத்தால் வட்டம் மூலை முடுக்கில்லாமல் முழுமையாகும். தரை சரிவானது, ஆனாலும் மேலே ஓடும் வட்டம் கிட்டத்தட்டக் கிடைமட்டம். கற்களின் நீளமும் ஒன்றுபோல் இல்லை. நீளமான கல்லுக்கு ஆழமான குழி, குட்டையான கல்லுக்கு ஆழம் குறைந்த குழி என்று தோண்டி, தலைகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். குழியின் ஒரு பக்கம் சரிவாக இருக்கும். கல்லின் அடி அந்தச் சரிவில் வழுக்கி இறங்க, எதிர்ச்சுவரில் நட்ட மரக்கழிகள் சுண்ணாம்புப் பாறை இடியாமல் தாங்கும். கல் நிமிர்ந்ததும் இடைவெளியைச் சுண்ணாம்புக் கட்டிகளாலும், வேலை முடிந்த அடிகற்களாலும் கெட்டித்தார்கள். செதுக்கிய கருவியே கடைசியில் அடிமானமாகிவிட்டது.

இந்த ஆழக் கணக்கு ஓர் இடத்தில் துணிச்சலின் எல்லைக்குப் போனது. முக்கல் வாயில்களிலேயே பெரியதற்கு இரண்டு மாபெரும் நிலைக்கற்கள் தேவைப்பட்டன. ஒன்று, ஆய்வாளர்கள் 56 என்று எண்ணிட்ட கல், தரைக்கு மேலே 6.7 மீட்டரும் தரைக்குள் 2.4 மீட்டரும் கொண்டது. அதற்கு இணையான நீளத்தில் இன்னொரு கல் அமையவில்லை. ஆகவே 55-ஆம் கல்லைச் சுமார் 1.2 மீட்டர் ஆழத்தில் மட்டும் நட்டு, உயரத்தைச் சமன்செய்தார்கள். அதன் அடியைக் குறுக்காமல் பருத்த பாதமாகவே விட்டதிலிருந்து, ஆபத்து அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது என்று தோன்றுகிறது. எப்போது என்று பதிவில்லாத ஒரு நாளில் 55 விழுந்து உடைந்தது. 56 மட்டும் இன்றும் நிற்கிறது. விட்டக்கல் போய்விட்டதால் அதன் உச்சியில் அந்த முளை வெட்டவெளியில் தெரிகிறது. 55 விழுந்த இடத்தில், அதன் துண்டுகளுக்கு அடியில், ஒரு கல் சிக்கிக்கொண்டது. இந்தக் கட்டுரையின் மிகப் பெரிய வியப்பு அதுதான். அதற்கு முன் மேற்குத் திசைக்குப் போக வேண்டும்.

சார்சன்களுக்கு இடையிடையே, ஆளுயரத்துக்குச் சற்று மேலும் கீழுமாக, இன்னொரு வகைக் கற்கள் நிற்கின்றன. இவை புளூஸ்டோன் எனப்படுகின்றன. நனைந்தால் நீலம் பூத்ததுபோல் தெரியும். ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஐந்து டன் வரை. ஒருகாலத்தில் எண்பது இருந்திருக்கலாம். இந்தக் கற்கள் சார்சன்களுக்கு மூத்தவை: கி.மு. 3000 வாக்கில், அகழியும் மண்மேடும் மட்டுமே இருந்த காலத்திலேயே இங்கே வந்து நின்றிருக்க வேண்டும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1923-இல் ஹெர்பர்ட் தாமஸ் என்ற புவியியலாளர் இவற்றில் ஒரு வகையை நுண்ணோக்கியில் பார்த்தார். கருமையான பாறையில் வெள்ளைப் புள்ளிகள் தெறித்திருந்தன. அதே புள்ளிப் பாறை வேல்ஸ் நாட்டின் மேற்கு ஓரத்தில், பிரெசெலி மலையில் இருப்பது அவருக்குத் தெரியும். நேர்கோட்டில் 225 கிலோமீட்டர்.

தாமஸ் மலையைக் காட்டினார். அடுத்த தலைமுறையினர் பாறையையே காட்டினார்கள். ராப் இக்ஸர், ரிச்சர்ட் பெவின்ஸ் இருவரும் கல்லின் கனிமங்களையும் வேதியியலையும் பொருத்திப் பார்த்து, கார்ன் கோய்டாக், கிரெய்க் ரோஸ்-அ-வெலின் என்ற இரண்டு பாறைமுகடுகளை அடையாளம் சொன்னார்கள். தொல்லியலாளர் மைக் பார்க்கர் பியர்சனின் குழு அங்கே தோண்டியது. இந்தப் பாறைகள் குழம்பாக இருந்து குளிரும்போதே தூண் தூணாக வெடித்தவை. இயற்கையே தூண்களை வடித்து அடுக்கி வைத்திருக்கிறது. பிளவில் ஆப்பு இறக்கி நெம்பினால் ஒரு தூண் கழன்று வரும். ஆப்புகளும் அங்கே கிடைத்தன. பாறையைவிட மென்மையான கல்லால் செய்த ஆப்புகள்! கடினமான ஆப்பு அடித்தால் தூணில் விரிசல் விழும். மென்மையான ஆப்பு தான் நசுங்கித் தூணைக் காக்கும். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் கல் பெயர்த்த ஒருவர் தன் மாணவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

பனியுகத்தில் பனியாறு இந்தக் கற்களைக் கிழக்கே தள்ளிக்கொண்டு வந்திருக்கலாம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. எனக்கு அது நம்பும்படியாக இல்லை. பனியாறு பொறுக்கி எடுத்துக் கொண்டுவராது. வழியெங்கும் இறைத்துவிட்டுப் போகும். சால்ஸ்பரி சமவெளியில் அப்படி இறைந்து கிடக்கும் வேல்ஸ் பாறைகள் இல்லை. ஆனால் அந்த உழைப்பின் கடுமையைக் குறைத்து மதிப்பிட்டுவிடவும் கூடாது. 2000-ஆம் ஆண்டில் தன்னார்வலர்கள் ஒரு புளூஸ்டோனைப் பழைய முறையில் கொண்டுபோக முயன்றார்கள். வேல்ஸ் கரையைத் தாண்டுவதற்குள் கல் கடலில் மூழ்கிவிட்டது.

கற்கள் மட்டும் மேற்கிலிருந்து வரவில்லை. ஸ்டோன்ஹெஞ்சின் முதல் காலத்தில் அது ஓர் இடுகாடு. மண்மேட்டின் உள்பக்கமாக 56 குழிகள் வட்டமாக அமைந்திருக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் அங்கே ஆராய்ந்த ஜான் ஆப்ரியின் பெயரால் ஆப்ரி குழிகள் என்கிறார்கள். அவற்றில் எரித்த மனித எலும்புகள் இருந்தன. 1920-களில் தோண்டியெடுத்த அந்த எலும்புகளை எந்த அருங்காட்சியகமும் வாங்கிக்கொள்ள முன்வரவில்லை. எரிந்த எலும்பில் படிக்க என்ன இருக்கிறது என்ற எண்ணம். 1935-இல் எல்லாவற்றையும் மூட்டையாக ஏழாவது குழியில் திரும்பப் புதைத்துவிட்டார்கள். 2008-இல் மறுபடி தோண்டினார்கள்.

இதற்குள் அறிவியல் வளர்ந்திருந்தது. பாறையில் ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமம் இருக்கும். அதன் கனமான அணுக்களுக்கும் இலேசான அணுக்களுக்கும் உள்ள விகிதம் பாறைக்குப் பாறை மாறும். பாறை மண்ணாகி, மண் பயிராகி, பயிர் உணவாகி, அந்த விகிதம் எலும்பில் வந்து படியும். ஒருவர் எந்த மண்ணின் சோற்றைத் தின்றார் என்பதை எலும்பு சொல்லிவிடும். எரித்த எலும்பு இதற்குப் பயன்படாது என்றுதான் நினைத்திருந்தார்கள். கிறிஸ்டோஃப் ஸ்னோக் என்ற ஆய்வாளர் இதைத் தலைகீழாக்கினார். கடும் வெப்பத்தில் எலும்பு படிகமாக இறுகிவிடுகிறது; அதன்பின் புதைந்த மண்ணின் ஸ்ட்ரான்ஷியம் உள்ளே புக முடியாது. சிதைத் தீ சான்றை அழிக்கவில்லை, முத்திரை வைத்துப் பூட்டியிருக்கிறது. 2018-இல் வெளியான முடிவு இது: ஆராய்ந்த 25 பேரில் 10 பேர் தம் கடைசிக் காலத்தில் அந்தச் சுண்ணாம்பு மண்ணில் வாழ்ந்தவர்கள் அல்லர். அவர்களுடைய எலும்பு மேற்குப் பிரிட்டனைக் காட்டியது. புளூஸ்டோன் பிறந்த மேற்கு வேல்ஸும் அதில் பொருந்துகிறது.

இனி, விழுந்த கல்லுக்கு அடியில் சிக்கியிருக்கும் அந்தக் கல். பீடக்கல் என்று அதற்குப் பெயர். ஏறக்குறைய 5 மீட்டர் நீளம், 6 டன் எடை, சாம்பல் கலந்த பச்சை நிற மணற்பாறை. வட்டத்தின் நடுப்பகுதியில் கிடக்கிறது. தாமஸ் காலம் முதல் இதுவும் வேல்ஸைச் சேர்ந்தது என்றே நூறு ஆண்டுகள் நம்பினார்கள். 2023-இல் பெவின்ஸ் குழுவுக்குச் சந்தேகம் வலுத்தது: இதிலுள்ள பேரியத்தின் அளவு வேல்ஸ் மணற்பாறைகளோடு ஒத்துப்போகவில்லை. அப்படியானால் எங்கிருந்து?

மணற்பாறையின் ஊரைக் கண்டுபிடிக்க ஓர் அழகான வழி இருக்கிறது. மணல் என்பது பழைய மலைகளின் தூள். அதில் சிர்க்கான் என்ற கனிமத்தின் நுண்மணிகள் கலந்திருக்கும். பாறைக்குழம்பு குளிரும்போது பிறக்கும் சிர்க்கான், யுரேனியத்தைத் தன் படிகத்துக்குள் சேர்த்துக்கொள்ளும்; ஈயத்தை ஏறத்தாழ முற்றிலும் ஒதுக்கிவிடும். உள்ளே அகப்பட்ட யுரேனியம் மெல்ல மெல்லச் சிதைந்து ஈயமாக மாறும். யுரேனியத்தின் முக்கிய வகை பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். ஆகவே மணிக்குள் எவ்வளவு யுரேனியம், எவ்வளவு ஈயம் என்று அளந்தால் அதன் வயது வந்துவிடும். ஒரு மணியை வைத்து ஊரைச் சொல்ல முடியாது. நிறைய மணிகளின் வயதுகளைச் சேர்த்துப் பார்த்தால், எந்தெந்த மலைகளின் தூள் எந்த விகிதத்தில் அந்தப் படுகையில் வந்து சேர்ந்தது என்ற கலவை தெரியும். அந்தக் கலவை ஒவ்வொரு படுகைக்கும் தனி.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த ஆண்டனி கிளார்க் இதைச் செய்தார். பீடக்கல்லை யாரும் தொடவில்லை. அருங்காட்சியகங்களில் முன்பே இருந்த சிறு சில்லுகள் போதுமாயின. முடியளவு மெல்லிய லேசர் கற்றையை ஒவ்வொரு மணியிலும் பாய்ச்சி, ஆவியாகும் துகளை எடைபார்த்தார்கள். சிர்க்கானோடு அபடைட், ரூட்டைல் என்ற இரு கனிமங்களையும் சோதித்தார்கள். சிர்க்கான் மணிகளில் பல, நூறு கோடி ஆண்டைத் தாண்டியவை. மற்ற இரண்டிலும் 46 கோடி ஆண்டு வயது திரும்பத் திரும்ப வந்தது. வேல்ஸில் இந்தக் கலவை இல்லை. இங்கிலாந்தில் இல்லை. பொருந்திய இடம் ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலை! ஒருகாலத்தில் பெரும் ஏரி நிறைந்திருந்த ஆர்கேடியப் படுகை. 2024 ஆகஸ்டில் நேச்சர் இதழில் இது வெளிவந்தபோது துறையில் பலருக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து அந்த இடம் குறைந்தது 750 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை சாலையில் போய், இன்னும் கொஞ்சம் போக வேண்டும். அதுவும் ஆறு டன் கல்லோடு. இதில் இன்னொரு சுவை. கிளார்க் வளர்ந்தது பிரெசெலி மலைப்பகுதியில். பீடக்கல் தன் ஊரைச் சேர்ந்ததில்லை என்று உறுதிசெய்தது அந்த ஊர்க்காரர்தான்.

மூன்று வகைக் கல், மூன்று தொலைவு: 25 கிலோமீட்டர், 225 கிலோமீட்டர், 750 கிலோமீட்டர். கூரைக்கும் சுவருக்கும் கல் தேவைப்பட்டிருந்தால் வெஸ்ட் வுட்ஸே போதும். ஆறு டன் மணற்பாறைக்காக ஒரு தீவின் மறுமுனைக்குப் போக வேண்டிய அவசியம் எந்தக் கட்டடக்காரருக்கும் இல்லை. எந்த மண்ணிலிருந்து வந்தது என்பதுதான் அந்தக் கற்களின் மதிப்பு என்று நான் நினைக்கிறேன். பார்க்கர் பியர்சனும் இவ்வாறே வாதிடுகிறார்: தீவின் வெவ்வேறு மூலைகளில் வாழ்ந்த மக்களை ஒன்றாகக் கட்டிய ஓர் அடையாளம் இது என்று.

மக்கள் அவ்வளவு தூரம் வந்தார்களா? அதற்குப் பன்றிகள் சாட்சி. ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து 3 கிலோமீட்டரில் டரிங்டன் வால்ஸ் என்ற குடியிருப்பு, சார்சன்கள் எழுந்த அதே காலத்தது. அங்கே கிடைத்த விலங்கெலும்புகளில் பெரும்பாலானவை பன்றியுடையவை. பற்களைப் பார்த்தால் பலவும் ஒன்பது மாத வயதில் வெட்டப்பட்டவை. வசந்தத்தில் பிறக்கும் குட்டிக்கு ஒன்பது மாதம் என்றால் நடுக்குளிர்காலம். 2019-இல் ரிச்சர்ட் மேட்விக் குழு, இங்கும் வேறு மூன்று இடங்களிலும் கிடைத்த 131 பன்றிகளின் எலும்பையும் பல்லையும் ஆராய்ந்தது. ஸ்காட்லாந்து, வடகிழக்கு இங்கிலாந்து, மேற்கு வேல்ஸ் என்று எங்கெங்கோ வளர்ந்த பன்றிகள். பன்றி மாடுபோல் வரிசையாக நடக்கும் விலங்கில்லை. அதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு விருந்துக்கு வந்திருக்கிறார்கள்.

நடுக்குளிர்காலம் ஏன் என்று சூரியனைக் கேட்க வேண்டும். சென்னையில் ஆண்டு முழுவதும் சூரியன் உதிக்கும் இடம் நேர்கிழக்கிலிருந்து வடக்கே 24 பாகை, தெற்கே 24 பாகை என்ற அளவுக்குள்தான் நகரும். ஸ்டோன்ஹெஞ்ச் 51 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அங்கே இருபுறமும் ஏறக்குறைய 40 பாகை வீதம் நகரும். டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. சூரியன் தென்கிழக்கில் தலைகாட்டி, தாழ்வாக ஊர்ந்து, தென்மேற்கில் மறைந்துவிடும். அது மேலும் தெற்கே போகாமல் திரும்பும் அந்த நாள், அந்த மக்களுக்கு எப்படிப்பட்ட நாளாக இருந்திருக்கும்! ஸ்டோன்ஹெஞ்சின் அச்சு வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடுகிறது. ஒரு முனை கோடை நடுவின் உதயம்; மறுமுனை குளிர்கால நடுவின் மறைவு. வடகிழக்கிலிருந்து பாதை வழியே நடந்து வருகிறவர் முகம் தென்மேற்கைப் பார்க்கும். 55-ஆம் கல் நின்ற காலத்தில், குளிர்கால நடுநாளில், மாபெரும் முக்கல் வாயிலின் இடுக்கில் சூரியன் இறங்கியிருக்கும். லேசர் காட்டிய, நன்றாக இழைத்த முகங்கள் எல்லாம் அந்த நடைக்காக.

உள்ளே நின்று பேசியவர்களுக்கு என்ன கேட்டிருக்கும்? இதையும் சோதித்துவிட்டார்கள். சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டிரெவர் காக்ஸ், 157 கற்களையும் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்து ஓர் ஒலிக்கூடத்தில் நிறுத்தினார். கல் பன்னிரண்டில் ஒரு பங்கு என்றால் ஒலியலையின் நீளமும் அதே அளவுக்குச் சுருங்க வேண்டும். ஆகவே மனிதக் காதுக்கு எட்டாத கீச்சொலியைப் பயன்படுத்தினார். கூரையே இல்லாத அந்த வட்டம், உள்ளே பேசுகிறவர் குரலை 4 டெசிபல் உயர்த்திக் கொடுத்தது. எதிர்முழக்கம் ஏறக்குறைய 0.6 விநாடி தங்கியது. வெளியே நின்றவர்களுக்குக் குரல் மங்கியே போனது. உள்ளே அனுமதிக்கப்பட்ட சிலருக்கான அரங்கம் அது.

பீடக்கல்லின் முகவரியில் ஊர்ப்பெயர் இன்னும் எழுதப்படவில்லை. ஆர்கேடியப் படுகை பரந்தது. இன்வெர்னெஸ் பக்கத்திலிருந்து ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகள் வரை நீள்கிறது. புகழ்பெற்ற கல்வட்டங்கள் கொண்ட ஆர்க்னியாகத்தான் இருக்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். பெவின்ஸ் குழு ஆர்க்னியின் முதன்மைத் தீவில் உள்ள வட்டங்களின் கற்களையும், அங்குள்ள பாறைகளையும் சோதித்தது. ஒன்றும் பொருந்தவில்லை. இப்போது படுகையின் மற்றப் பகுதிகளில், பாறை வெளியே தெரியும் இடங்களாகத் தேர்ந்தெடுத்து, பேரியத்தையும் கனிம மணிகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் தேடுகிறார்கள். வழி கடலா தரையா என்ற வாதமும் அதோடு சேர்ந்தே நடக்கிறது: புறப்பட்ட இடம் கரையோரமா உள்நாடா என்று தெரிந்தால்தான், ஆறு டன் கல்லோடு அந்த மக்கள் படகேறினார்களா, மலையேறினார்களா என்று கேட்கவே முடியும்.